தோணிக்காரன் பேசாத இடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த மேகத்தோணி கார்ட்டூன் படத்துக்கு இரண்டாம் பாகத்தை உன் தங்கை தனியாகவே முடித்துவிட்டாள். நீ வேலைக்குப் போனபிறகு மூன்று வருஷமாக, கண்ணாடிக்கடை வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்தாள். முதல் பாகம் பத்து நிமிஷம், இது ஒரு மணி நேரம். அகலக்கால் வைக்காதேடி என்றால் கேட்டால்தானே! ஏழு ராஜ்யம், ஒரு யுத்தம், அப்பா குரலில் ஒரு டிராகன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் டிக்கெட் என்று கத்திய தொண்டை அல்லவா, கச்சிதமாகப் பொருந்தியது, நடுவில் இருமியதைக்கூட அவள் வெட்டவில்லை. போன ஞாயிறு காலை நூலகத்து மாடியில் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினாள். பெற்றவள் என்பதற்காகப் பூசி மெழுகமாட்டேன். படத்தில் ஒருத்தர் காலும் தரையில் பாவவில்லை, எல்லோரும் வழுக்கிக்கொண்டே நடந்தார்கள். யுத்தம் அனுமார் வால்போல நீண்டது, எந்த ராஜா எந்தப் பக்கம் என்று எனக்கே குழம்பிவிட்டது, பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். இவள் சுவரோரமாக நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மேகமெல்லாம் கரைந்து மழையாக இறங்குகிற காட்சி வந்தது பார், ஒருத்தரும் அசையவில்லை. அவளுடைய பழைய ஓவிய டீச்சர் வந்து, "காலெல்லாம் கோணல்தான், ஆனா அந்த மழையில நான் குடையைத் தேடிட்டேன்டி" என்றார்.

ஆனால் கடைசியில், நீ குரல் கொடுத்த அந்தத் தோணிக்காரன் ராணி முன்னால் நின்று பேசுகிறான், வாய் அசைகிறது, சத்தமே இல்லை. நூலகர் ஓடிப்போய் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். படம் முழுக்கவே அவன் முதல் பாகத்தில் நீ பேசிய பழைய வசனத்தைத்தான் ஒட்டுப்போட்டுப் பேசினான், மற்றவர்கள் கேட்பது ஒன்று, இவன் பதில் வேறொன்று என்று ஜனங்கள் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில், வேறு யாரையாவது பேச வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "அண்ணன் பேசித் தரேன்னு சொல்லியிருந்தான்மா, அதான் இடம் விட்டு வச்சேன்" என்றாள். மூன்று தடவை உனக்கு எழுதினாளாம், நீ அப்புறம் பார்க்கலாம் என்றாயாம்.

குற்றம் சொல்ல எழுதவில்லை, உன் வேலைப்பளு எனக்குத் தெரியும். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. யுத்தத்தில் பாதியை வெட்டிவிட்டாள், இப்போது ஒவ்வொரு காலாகத் திருத்துகிறாள், அடுத்த மாதம் மறுபடி போட நூலகர் சம்மதித்திருக்கிறார். தோணிக்காரன் ராணியிடம் சொல்லவேண்டிய அந்த நாலு வரியை அவள் நோட்டைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலே போதும் என்கிறார் அப்பா. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, சண்டைக்கு வருவாள்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு. மறக்காமல் இந்த வாரமே அனுப்பு. மெதுவாகப் பேசு கண்ணா, அந்த வாயை அவள் ரொம்ப நிதானமாக வரைந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா