பரண் அறைச் சங்கமும் ஒரு கறுப்பு அவரைக்கொட்டையும்

4 அக்டோபர் 1881

இந்த வருடமும் கொடி தைக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கல்லூரியில் பையன்களுக்கு மூன்று சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்தில் பெயர், கோட்டில் மின்னும் சின்னம், யாருக்கும் சொல்லக் கூடாத ரகசியங்கள். ரகசியம் என்னவோ சுருட்டுப் பிடிப்பதுதான் என்பது இந்த ஊர் நாய்க்கும் தெரியும். அதில் ஒரு சங்கத்தின் தலைவன் இன்று வகுப்பு முடிந்ததும் வந்து, பட்டுத் துணியை அல்மைராவின் கையில் வைத்து, "நீங்கல்லாம் எங்களுக்குச் சகோதரிங்க மாதிரி" என்றான். லத்தீனில் அவனைத் தூக்கிச் சாப்பிடுகிறவள் அல்மைரா. துணியை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சகோதரின்னா ஊசி நூல் எடுத்துட்டு வர்ற ஆளா? போய் உங்கம்மாகிட்ட குடு."

திரும்பி வரும் வழியில் ஃபிலீனா மெதுவாகக் கேட்டாள், "ஏன் லவீனியா, நமக்கே ஒரு சங்கம் வெச்சுக்கிட்டா என்ன?" இதை நான்தான் முதலில் நினைத்தேன். சொன்னது மட்டும் ஃபிலீனா.

8 அக்டோபர்

சங்கம் பிறந்துவிட்டது! திருமதி கோல்வின் வீட்டுப் பரண் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில். கல்லூரியின் இருபது சொச்சம் பெண்களும் தங்கியிருப்பது இந்த வீட்டில்தான். அவர்களில் தலைசிறந்த மூவர் மேலே கூடினோம். (அல்மைரா, ஃபிலீனா, நான். தலைசிறந்தவர்கள் என்று தீர்மானித்ததும் நாங்களேதான்.) மாலை ஏழுக்கு மேல் பரணில் விளக்கு எரிந்தால் திருமதி கோல்வின் சத்தம் போடுவார் என்பதால், மதியமே ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டோம்.

தலைவர் நான். விதிகளை எழுதியதும் நான். பெயர் மூன்று கிரேக்க எழுத்துகள். அவற்றைச் சின்னத்தில் தவிர வேறெங்கும் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருப்பதால், நாட்குறிப்பே, உனக்கும் கிடையாது. புது உறுப்பினரைச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு மறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. பையன்களிடம் இதற்கு யானைத் தந்த உருண்டைகள் இருக்கின்றன. எங்களுக்குச் சமையலறை அவரைக்கொட்டை. வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. மேசையில் இருக்கும் கிண்ணத்தில் இருந்து ஒன்றை எடுத்து மூடிய பெட்டிக்குள் போட வேண்டும். "வலது கிண்ணத்தில் வெள்ளை, இடது கிண்ணத்தில் கறுப்பு" என்று தலைவர் நாற்காலியில் இருந்து அறிவித்தேன். குரல் நன்றாகவே எடுபட்டது.

முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே? அதனால் ஓட்டுப் போடுகிறவள் துக்கத்துக்கு அணியும் என் கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு மேல் முக்காடு நிற்கவில்லை என்று ஃபிலீனா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் கதவும் ஒன்றுதான், கன்றுக்குட்டியும் ஒன்றுதான். ஆனாலும் மூவரில் முக்காடு பொருந்தியது அவளுக்குத்தான்.

15 அக்டோபர்

முதல் ஓட்டு. ட்ரூசில்லாவுக்கு. பண்ணையில் வளர்ந்தவள், சிரித்தால் ஜன்னல் அதிரும், ஆனால் அவளைப் பிடிக்காதவர் யார்? வெறும் சடங்குதான் என்று நினைத்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். வெள்ளை இரண்டு. கறுப்பு ஒன்று.

ஃபிலீனா அழுதாள். அல்மைரா என்னைப் பார்த்தாள். நான் அல்மைராவைப் பார்த்தேன்.

16 அக்டோபர்

அல்மைராதான். வேறு யார்?

2 நவம்பர்

நிராகரிக்கப்பட்டவளுக்கு விஷயமே தெரியக் கூடாது என்பது எட்டாம் விதி. ஃபிலீனா ட்ரூசில்லாவின் தோளிலேயே சாய்ந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இன்று ட்ரூசில்லா படிக்கட்டில் என்னை மடக்கினாள்.

"ஒருத்திய வேணாம்னு சொல்றதுக்கா மூணு பேரு கதவ, ஜன்னல எல்லாம் சாத்திக்கிட்டு உக்காந்தீங்க? என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனேடி!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்தத் தடவை ஜன்னல் அதிரவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

21 ஜனவரி 1882

இன்னும் இரண்டு பேருக்கு ஓட்டுப் போட்டோம். இரண்டு பேருக்கும் கறுப்பு விழுந்தது. இப்படியே போனால் எங்கள் சங்கம்தான் அமெரிக்காவிலேயே மிக உயர்ந்தது. யாராலும் சேர முடியாது.

8 பிப்ரவரி

புதன்தோறும் கீழ்க்கூடத்தில் ட்ரூசில்லா ஆட்களைச் சேர்க்கிறாள். விதி கிடையாது, முக்காடு கிடையாது. சோளப்பொரி வறுக்கிறார்கள், பாடுகிறார்கள், கணக்கு வராதவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொரி வாசனை நேராகப் பரணுக்கு ஏறி வருகிறது. விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஃபிலீனாவின் வயிறு சத்தம் போட்டது. அல்மைராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

27 மே

கீழே பதினோரு பேர். மேலே மூன்று பேர். நம்பிக்கையோடு நான் ஐந்து சின்னங்கள் செய்யச் சொல்லியிருந்தேன், அவை வந்துவிட்டன. நட்சத்திர வடிவம், நடுவில் அந்த மூன்று எழுத்து. ஒன்றின் பின்புறம் மட்டும் பெயர் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன்: ஐடா. என் தங்கை. செப்டம்பரில் கல்லூரிக்கு வருகிறாள். இந்தச் சங்கத்தை நான் வேறு யாருக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?

12 செப்டம்பர்

ஐடா வந்துவிட்டாள். மாடி ஏறும்போதே கேட்டாள், "அக்கா, உன் சங்கத்துல நான் எப்ப சேர்றது?" "விதிப்படிதான் எல்லாம்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

16 செப்டம்பர்

கறுப்பு.

கறுப்பு! ஐடாவுக்கு! நேற்றுக்கூட அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் அல்மைரா. எப்படி மனசு வந்தது? நான் கேட்டே விட்டேன். "ஏன்டி, எம்மேல கோபம்னா என்கிட்ட காட்டேன்டி, அந்தப் புள்ள உனக்கு என்ன பண்ணுச்சு?" அவள் வெளுத்துப்போய், "நான் போட்டது வெள்ளை. நீதான் சொந்தத் தங்கச்சிக்குச் சலுகை காட்டலைன்னு பேர் வாங்கப் பாக்குறியோன்னு நெனச்சேன்" என்றாள். நான்? நானா? கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி வந்தேன். பாவம், ஃபிலீனா ஒரு மூலையில் தேம்பிக்கொண்டிருந்தாள்.

ஐடாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "உன் சங்கத்துல உன் தங்கச்சிக்கே எடமில்லியா?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை.

20 செப்டம்பர்

புதன்கிழமை. கீழே பாட்டு. அதில் ஐடாவின் குரல் தனியாகக் கேட்கிறது. சின்ன வயதிலிருந்தே சுருதி சேராது அவளுக்கு.

18 நவம்பர்

எப்படி எழுதுவது இதை?

நன்றி கூறும் நாள் விருந்துக்காகத் திருமதி கோல்வின் எங்களைச் சமையலறையில் உட்கார்த்தி அவரைக்கொட்டை பொறுக்கச் சொன்னார். நான் மேசைக்கு இந்தப் பக்கம், ஃபிலீனா அந்தப் பக்கம், நடுவில் இரண்டு கிண்ணங்கள். அடுப்பு ஆவியில் கண்ணாடி மங்குகிறது என்று அவள் கழற்றி வைத்தாள். "வலது கிண்ணத்துல வெள்ளை" என்றேன், வாய் பழக்கத்தில்.

"தெரியும் தெரியும், நம்ம சங்கத்துல மாதிரிதானே" என்றாள் ஃபிலீனா. சொல்லிவிட்டு கண்ணருகே பிடித்துப் பார்த்துப் பொறுக்கிய ஒரு பிடி வெள்ளையைத் தன் வலப்பக்கம் இருந்த கிண்ணத்தில் போட்டாள்.

அதில் இருந்தவை அத்தனையும் கறுப்பு.

என் வலம் அவளுக்கு இடம். பரணிலும் நான் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பேன். ஓட்டுப் போடுகிறவள் எதிரே நிற்பாள். நானும் அல்மைராவும் நிறம் பார்த்து எடுத்தோம். ஃபிலீனா கண் தெரியாமல், தலைவர் சொன்ன வார்த்தையை நம்பி, தன் வலப்பக்கக் கிண்ணத்தில் இருந்து எடுத்தாள். தேம்பிக்கொண்டே, ஆசையோடு, ஒவ்வொருத்திக்கும் கறுப்பு!

"அப்போ... ட்ரூசில்லா? ஐடா? எல்லாரையும் நானா..." என்று அவள் முகம் கோணியது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்ற வைத்த முக்காடு யாருடையது? கிண்ணத்தை எந்தப் பக்கம் என்று சொன்ன மகாராணி யார்? அல்மைராவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். ஒரு வருடமாக அவளைச் சந்தேகப்பட்டதற்குத் தண்டனையாக என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டாள்.

22 நவம்பர்

மூவரும் கீழே போனோம். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: தப்பு நடந்துவிட்டது, யாரையும் நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, மேலே வாருங்கள்.

ட்ரூசில்லா சிரித்தாள். ஜன்னல் அதிர்ந்தது.

"அடிப் பாவிகளா! நாங்க பதினேழு பேரு. அந்தப் பரண்ல ஏறுனா மாடியே எறங்கிடும். நீங்க வேணா கீழ வாங்க." பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு (என் முகத்தை அப்படியே செய்து காட்டினாள், தெரியும்), "விதிப்படி ஓட்டுப் போட்டுத்தான் சேப்போம்" என்றாள்.

6 டிசம்பர்

எங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே கொட்டைகள் விழும் சத்தம். ஒன்று போதும் என்னை வெளியே தள்ள. அந்த விதியை எழுதியது நான். ஐடா எதை எடுப்பாள்? கறுப்பை எடுத்தால் அவள்மேல் தப்புச் சொல்ல முடியுமா? ஃபிலீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ட்ரூசில்லா பெட்டியைக் கவிழ்த்தாள். எல்லாம் வெள்ளை.

நான் அழுதேன், மறைக்கவில்லை. அழுது முடித்த பிறகுதான் மேசையைப் பார்த்தேன்.

"ஒரு கிண்ணம்தான் இருக்கு. கறுப்பு எங்கே?"

"சூப்புல போட்டுட்டோம்" என்றாள் ட்ரூசில்லா. "உக்காரு, ஆறிடப்போவுது."

13 ஜனவரி 1883

கீழ்க்கூடத்தில் சடங்கு. அவர்களிடம் ஆட்கள் இருந்தார்கள், பாட்டு இருந்தது, பொரி இருந்தது, பெயர்தான் இல்லை. எங்கள் மூன்று எழுத்துகளையும் நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன்பே அவர்கள் இருப்பதால், கணக்குப்படி சங்கத்தில் கடைக்குட்டிகள் நாங்கள் மூவர். கூடம் பெருக்குவது கடைக்குட்டிகளின் வேலை. வேறொரு கல்லூரியில் இருந்து பெண்கள், நாங்களும் இதே பெயரில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்களாம். என்னென்ன விதிகள் என்று கேட்டதற்கு ட்ரூசில்லா, சூப் செய்முறையை அனுப்பச் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சின்னம் குத்த வந்தது ஐடா. தன் பெயர் பொறித்த நட்சத்திரத்தைத் தான் அணிந்துகொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"இனிமே இங்க நான்தான் அக்கா. சொல்லு பாப்போம்."

"அக்கா" என்றேன். கூடமே சிரித்தது.

"அசையாம நில்லு. இடப்பக்கம் குத்தணும்."

"யாரோட இடப்பக்கம்?" என்று கேட்டேன்.

"உன்னோடது" என்றாள் ஐடா. என் நெஞ்சின்மேல் கையை வைத்து, சரிதானா என்று பார்த்துவிட்டுக் குத்தினாள்.