ஐஸ் பெட்டிக்குள் இருந்த செப்புச் சுருள்

அனுப்புநர்:
மீராலெவ்வை ஹாஜறா உம்மா,
(ஆதம்லெவ்வை முனாப் அவர்களின் மனைவி)
47, மதரசா வீதி,
கல்முனைக்குடி.

பெறுநர்:
மதுவரி அத்தியட்சகர் அவர்கள்,
பிராந்திய அலுவலகம்.

விடயம்: 1982.01.25 அன்று எங்கள் காரிலிருந்து கசிப்பு வடிக்கும் உபகரணம் எனக் கைப்பற்றப்பட்ட செப்புச் சுருளை அழிக்காமல் பரிசோதிக்கவும், என் கணவர் மீதான பழியை நீக்கி எழுத்தில் தரவும் கோருதல்.

கனம் ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சத்தை வீட்டில் இருந்தபடியே படித்துக்கொண்டேன். என் எழுத்தில் மரியாதைக் குறைவு எங்காவது தெரிந்தால் அதை அறியாமை என்று பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. சென்ற மாதம் 25ஆம் திகதி, திங்கட்கிழமை, சுபஹுத் தொழுகைக்குப் பின் நானும் என் கணவரும் எங்கள் காரில் பாலமுனைப் பக்கம் போய்த் திரும்புகையில் தங்கள் பறக்கும் படையினர் மறித்தார்கள். என் கால்மாட்டில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஐஸ்கட்டி, ஐஸுக்குள் ஏழு சுற்றுச் செப்புச் சுருள். கசிப்புச் சாராயம் காய்ச்சும் இடங்களில் ஆவியைக் குளிரவைக்க இதேபோல ஒன்று இருக்குமாம். ஒருவர் என்னைப் பார்த்து, "ராத்தா, ஐஸெல்லாம் போட்டு நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இப்பிடி ஓடித்திரியிற ஒண்ட நான் இதுக்கு முதல் காணல்ல" என்றார். அவர் பரிகாசம் செய்யவில்லை, உண்மையாகவே வியந்தார். நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்த எவரும் அப்படித்தான் நினைப்பார்.

2. மது ஒரு துளியும் அகப்படாததால் வழக்கில்லை என்றார்கள். ஆனால் சுருள் "மதுவடி உபகரணம்" எனப் பதியப்பட்டு, இம்மாதம் 18ஆம் திகதி உடைத்து அழிக்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. வழக்கென்று ஒன்று இருந்தால் நீதவான் முன்னிலையில் சொல்லியிருப்போம். வழக்கு இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. பெட்டியை ஜீப்பின் மேல் கட்டிக் கடைத்தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

3. என் கணவர் உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்துபவர். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது விற்ற இரண்டு ஆசன எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஓடாத நிலையில் அவரிடம் வந்தது. வரும் சித்திரையில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் காரோட்டத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகக் கார் தாழ்ந்து நிற்குமாறு வில்லுகளைப் பதித்து, முன் பிறேக்கை மாற்றி, ஏலத்தில் எடுத்த பழைய டீசல் இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய டேர்போவை இதில் பூட்டினார். காருடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தையும் டேர்போவுடன் வந்த புத்தகத்தையும் அகராதி வைத்துச் சொல் சொல்லாக வாசித்துக் கொடுத்தது நான்தான்.

4. டேர்போ என்பதை ஐயா அறிந்திருக்கக்கூடும். அறியாவிட்டால் எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். இயந்திரத்திலிருந்து வெளியே போகும் சூட்டுப் புகை ஒரு சிறு சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சில்லு. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரியும் பெற்றோலும் கூடும், பலமும் கூடும். இயந்திரம் தான் விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சைப் பெரிதாக இழுக்கிறது. இதை முதலில் வாசித்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது. என் கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சில்லு ஒரு நிமிடத்தில் எண்பதாயிரம் தடவை சுழலும் என்று டேர்போவின் புத்தகத்தில் இருக்கிறது. பூச்சியங்களை மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன்.

5. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைச் சிறுவயது முதல் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் ஓதி வந்திருக்கிறேன். இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நாங்களாக இதை வசப்படுத்தியிருக்க மாட்டோம் என்பது அதன் கருத்து. டேர்போ பூட்டி முதல்முறை ஓடிய காலையில்தான் அந்தக் கருத்து எனக்குள் இறங்கியது. மெல்லிய விசில் ஒன்று கேட்டது. அடுத்த கணம் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. வயல், வாய்க்கால், மின்கம்பம் எல்லாம் ஒரே கோடாக ஓடின. "அல்லாஹு அக்பர்" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் பிறேக்கை மிதித்தார். "ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன். "நீ கத்தினதுக்கு!" என்றார். திரும்பவும் ஓட்டச் சொன்னேன்.

தங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். அன்று மணிக்கு எண்பத்தைந்து மைல் போனோம். ஆளில்லாத நேரான துண்டில் மட்டும், நன்றாக வெளித்த பிறகு மட்டும். அறுவடை தொடங்கி ஆட்கள் தார் வீதியில் நெல் காயப்போட்டால் நாங்கள் காரை வெளியே எடுப்பதில்லை.

6. இனிச் சுருளின் விடயம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி கையைச் சுடுவது அதனால்தான். சூட்டுக் காற்றை இயந்திரம் தாங்காது, உள்ளே தட்டும். சுருள் இல்லாமல் ஓடிய மூன்றாம் நாள் பிஸ்டன் ஒன்றில் என் சுண்டுவிரல் போகுமளவுக்கு ஓட்டை விழுந்தது. வெளிநாட்டில் இதற்கென்று குளிர்விக்கும் தட்டு விற்கிறார்களாம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. மீனுக்குப் போடும் ஐஸ் நிறையக் கிடைக்கிறது. ஆகவே கல்முனையில் ரேடியேட்டர் ஒட்டும் வில்பிரட் அவர்கள் மூன்று செப்புக் குழாய்களைச் சேர்த்து வளைத்து இந்தச் சுருளைச் செய்து தந்தார். டேர்போவிலிருந்து வரும் காற்று அதற்குள் ஏழு சுற்றுப் போய், குளிர்ந்து, காபரேட்டருக்குள் நுழைகிறது. கசிப்புச் சுருளின் கீழ்முனை சொட்டுவதற்காகத் திறந்திருக்கும் என்கிறார்கள். இதில் இரு முனையிலும் றப்பர்க் குழாய் இறுக்கிய அடையாளம் இருப்பதைத் தாங்கள் காணலாம். முகர்ந்தும் பார்க்கலாம். பெட்டியில் சூரை மீனின் வாசம் அடிக்கும், வேறு வாசம் இராது.

7. ஓடும்போது பெட்டி மூடியில் கால் வைத்து, கொப்பியை மடியில் வைத்துக் குறிப்பெடுப்பது என் வேலை. சூடு, காற்றழுத்தம், எண்ணெய் அழுத்தம் எல்லாம் திகதி வாரியாக இருக்கின்றன. மிதித்ததிலிருந்து பலம் வரும் வரையான தாமதத்தை மணிக்கூட்டில் பார்க்க இயலவில்லை. ஆகவே "சுபுஹானல்லாஹ்" சொல்லி எண்ணினேன். முதலில் பதினொன்று. டேர்போவை இயந்திரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்த பின் ஏழு. பெட்டியிலிருந்து போகும் குழாயைக் குறுக்கிய பின் நான்கு. வேலையின் அளவுக்காக எண்ணத் தொடங்கியதுதான். ஆயினும் நான்காவதில் அந்தப் பலம் வந்து தள்ளும்போது நாக்கு தானாகவே ஐந்தாவதையும் சொல்லிவிடுகிறது. ஆறு பக்கங்களின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். கசிப்புக் காய்ச்சுபவன் இப்படிக் கணக்கு வைத்திருப்பானா என்பதை ஐயா தீர்மானிக்கவும்.

8. உண்மையைச் சொல்ல வில்பிரட் அவர்கள் 27ஆம் திகதி தாமாகவே தங்கள் ஆட்களிடம் போனார். சுருளைச் செய்தது தாம்தான் என்றதும் அவருடைய பெயரையும் சந்தேகநபராக எழுதிக்கொண்டார்களாம். வந்து, "தங்கச்சி, சாட்சி சொல்லப் போய் ரெண்டாம் எதிரியாகித் திரும்பி வந்திரிக்கன்" என்றார். அவருக்குச் சிரிக்க முடிகிறது. என் கணவருக்கு முடியவில்லை.

9. என் கணவர் வெற்றிலைகூடப் போடாதவர். அந்தத் திங்கட்கிழமை ளுஹர்த் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார். ஹவுள் தொட்டியில் கை கால் கழுவி வுழூ எடுக்கும்போது பக்கத்தில் இருந்தவர், "முனாப் காக்கா, இந்தத் தண்ணிக்கும் கொஞ்சம் ஐஸ் போடுவமா?" என்று கேட்டிருக்கிறார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கால் கழுவாமலே எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலேயே தொழுகிறார். 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. இம்மாதம் 5ஆம் திகதியும் போகவில்லை. காரைப் பற்றிய பேச்சே இல்லை. நான் கேட்டால், "நீ சொன்னா ஆரு நம்புவா?" என்கிறார்.

அடுத்தடுத்து மூன்று ஜும்ஆக்களை அலட்சியமாக விட்டவரின் உள்ளத்தில் முத்திரை விழுந்துவிடும் என்பது எங்கள் நபியின் எச்சரிக்கை. அவர் அலட்சியத்தால் விடவில்லை, வெட்கத்தால் விடுகிறார். அந்த வித்தியாசத்தை அல்லாஹ் அறிவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. மூன்றாவது வெள்ளிக்கிழமை வரும் 12ஆம் திகதி.

10. ஆகையால் நான் கோருவது இவ்வளவே. 11ஆம் திகதி, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரையும் ஐஸையும் தங்கள் அலுவலக வாசலுக்குக் கொண்டுவருவோம். சுருளைப் பூட்ட வில்பிரட் அவர்களுக்குக் கால் மணித்தியாலம் போதும். ஐயா என்னுடைய ஆசனத்தில் அமர்ந்து, கார் ஓடும்போது பெட்டிக்குள் போகும் குழாயில் ஒரு கையையும், வெளியே வரும் குழாயில் மறு கையையும் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் கையை வைத்திருக்க இயலாது என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறேன்.

பார்த்தபின், "முனாப்பிடம் கைப்பற்றிய சுருள் கார் இயந்திரத்தின் காற்றைக் குளிர்விப்பது, மதுவுடன் தொடர்பற்றது" என்ற ஒரு வரியை எழுதி, முத்திரை பதித்து, எங்கள் பள்ளியின் நம்பிக்கையாளர் சபைக்குத் தர வேண்டும். நட்டஈடு கேட்கவில்லை. ஜீப்பில் கொண்டுபோனவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. சுருளை உடைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னால் உடையுங்கள், வில்பிரட் அவர்கள் இன்னொன்று வளைப்பார். அந்த ஒரு வரியைத் தங்களைத் தவிர வேறு எவராலும் எழுத முடியாது.

இப்படி ஒரு மனு எழுதுவது என் கணவருக்கு இன்னும் தெரியாது. வியாழன் காலை காரை எடுக்கச் சொல்லும்போதுதான் சொல்வேன். தாங்கள் வரச் சொன்னதாகச் சொன்னால் மட்டுமே அவர் சாவியை எடுப்பார். ஆகவே வரச் சொல்லி ஒரு சொல்லாவது, இதைக் கொண்டுவருபவரிடம், நாளை புதன்கிழமைக்குள் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வது பன்னிரண்டு இருபதுக்கு.

கல்முனைக்குடி,
1982.02.09

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மீ. ஹாஜறா உம்மா

இணைப்பு: குறிப்புக் கொப்பியின் ஆறு பக்கங்கள், கார்ப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, வில்பிரட் அவர்கள் கையொப்பமிட்ட சுருளின் படம்.