ஒரு பை மல்லாட்டை

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
10-3-1986

அன்பு மகள் இருதயமேரிக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். பூசையில் முழந்தாளிடும்போது மட்டும் கால் வலிக்கிறது. அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன். நீ அனுப்பிய தைலப் புட்டியின் மூடி சரியில்லை, பார்சல் முழுக்க எண்ணெய். இனி கவனமாகக் கட்டு.

இதைக் கொண்டுவருகிறவர் எதிர்வீட்டு காஸ்பர். இங்கே தீயணைப்பு நிலையத்தில் வேலை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு தொண்டூர்ப் பக்கம் இரண்டு பிள்ளைகள் கிணற்றில் விழுந்தபோது, கயிறு கட்டி இறங்கியவர் இவர். ஒரு பிள்ளைதான் பிழைத்தது. அதிலிருந்து கோயிலுக்கு வருகிறாரே தவிர, எழுந்து போய்ச் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவதில்லை. முன் வரிசையில் உட்காருகிற எனக்குத் தெரியாமல் போகுமா? ஊரோ, காரணம் குடி என்றும் பெண் சகவாசம் என்றும் பேசியது. ஈஸ்டருக்கு அவர் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக வாங்கப் போகிறாள். நைனா வாங்கினால்தான் நானும் வாங்குவேன் என்று அந்தக் குழந்தை பிடிவாதமாக அழுகிறது.

இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தி சொல்லாதே என்று நீ முன்பு எழுதியபடி, நான் புத்தி சொல்லவில்லை. மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. எனக்கு அது எத்தனை சிரமம் என்று உனக்குத் தெரியும். எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறுநாள் ஒரு முறம் மல்லாட்டையை அவர் முன் வைத்து, விதைக்குக் கடலை உடைத்துத் தரச் சொன்னேன். குனிந்து உடைக்க ஆரம்பித்தார். கை ஓட ஓட வாயும் திறந்தது.

“பெரிய புள்ளைய முதல்ல புடிச்சேன் பெரியம்மா. சின்னது என்னையே பாத்துக்குனு இருந்திச்சு.”

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாராம். இது பாவமே இல்லையே, இதற்கு நான் என்ன மன்னிப்பு கொடுப்பது என்று சாமியார் கேட்டாராம். அவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். இவரோ, மன்னிப்பே கிடையாத பாவம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திருத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு நானும் உடைத்தேன்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். நெருப்பிலும் விபத்திலும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்காகவே என் மகள் இருக்கிறாள், அவளிடம் வந்தவர்கள் திரும்பவும் வண்டியில் ஏறி வேலைக்குப் போகிறார்கள் என்றேன். பைத்தியக்கார டாக்டரா என்று கேட்டார். மனோதத்துவ நிபுணர் என்று திருத்தினேன். அதையாவது திருத்த வேண்டாமா? அவங்ககிட்ட இன்னா சொல்றது என்று தயங்கினார். ஒன்றும் சொல்ல வேண்டாம், உடைத்தால் போதும் என்றேன். அதனால்தான் இந்தப் பை மல்லாட்டையை உடைக்காமல் அனுப்புகிறேன். மேசைமேல் கொட்டி, நீயும் சேர்ந்து உடை. தோலைப் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உன் கடிதங்கள் இப்போதெல்லாம் கார்டாகச் சுருங்கிவிட்டன. வெயில், சாப்பாடு, நலம். அந்த ரயில் விபத்தில் உடல்களை எடுத்த ஆட்களின் கதையை நீ கேட்க ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, என்னடி என்று முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நீயும் எழுந்து போனாய்.

ஈஸ்டருக்கு வா. மல்லாட்டை இன்னும் அரை மூட்டை இருக்கிறது. நான் எதிரே உட்கார மாட்டேன், பக்கத்தில் உட்காருகிறேன். ஒன்றும் கேட்கவும் மாட்டேன்.

நீ இங்கே இருந்தபோது தினமும் போட்டதுபோல உன் நெற்றியில் சிலுவை போட இங்கிருந்து கை எட்டாது. இந்தக் காகிதத்தின் அடியில் பெருவிரலால் போட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் அதன்மேல் நெற்றியை வை.

உன் அம்மா,
அமலோற்பவம்