நாற்பத்தொன்றாம் பக்கம்

ரொசாரியோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

அக்கா மரிசெல் எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். வீகோவில் இப்போது குளிர் விட்டிருக்கும், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாசிப்புக் கூட்டத்துக்கு அப்பா வந்துவிட்டால் என்ன செய்வது என்று போன மாதம் பயந்து பயந்து எழுதியிருந்தேன் அல்லவா? வந்துவிட்டார். வீடு இன்னும் இரண்டாகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிம்மதியாகப் படிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளி அறிவியல் புத்தகத்துக்கான படங்கள் ஒருவழியாக முடிந்தன. எறும்புத்தின்னியின் நாக்கு நீளம் என்று பதிப்பகத்து அம்மாள் நாலு முறை திருப்பி அனுப்பினாள். ஐந்தாம் முறை முதலில் வரைந்ததையே அனுப்பினேன், இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள். கால்நடை மருத்துவருக்குப் போட்டுக் கொடுத்த சுவரொட்டியில் நாய்க்கு அவர் முகம் வந்துவிட்டதாக ஊரே சிரிக்கிறது. அவர் மட்டும் இன்னும் கவனிக்கவில்லை.

இனி நம் புத்தகம். நம் வீட்டுக் கதையைக் காமிக்ஸாக வரைய எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதில் நாற்பத்தொன்றாம் பக்கம், நீ வீட்டை விட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை. அப்பா தன் பஸ் தடத்திலேயே உனக்கு ஓட்டுநர் இடம் பிடித்து வைத்திருந்தார். நீயோ படகு பழுதுபார்க்கப் போகிறேன் என்று ஸ்பெயினுக்கு டிக்கெட்டோடு வந்து நின்றாய். அந்தப் பக்கத்தில்தான் நான் கோட்டை விட்டேன். வசனங்களைப் படத்தோடு சேர்க்காமல் கணினியில் தனி அடுக்காக எழுதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம், பிறகு திருத்த வசதியாக இருக்கும். அச்சுக்கு அனுப்பும்போது அந்த அடுக்கைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மறந்துவிட்டேன். ஐந்நூறு பிரதியிலும் நீயும் அப்பாவும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறீர்கள், தலைக்கு மேலே வசனம் எழுதும் பலூன்கள் காலி. விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் நானே பேனாவால் எழுதிக் கொடுத்து வந்தேன்.

முதல் வாசிப்புக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். போன சனிக்கிழமை மாலை நம் பேட்டை நூலகத்தில் நடந்ததற்கு நாற்பது பேர். பக்கங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள், எல்லோர் குரலையும் நானே பேசி வாசிப்பேன். நாற்பத்தொன்றைத் தாண்டிவிடு என்று நூலகர் சுலேமாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

அப்பாவுக்குப் புத்தகத்தை நான் காட்டியதே இல்லை. ரொட்டிக் கடையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, தலை வாரி, மடியில் இனிப்பு ரொட்டிப் பொட்டலத்தோடு இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக உன் பேரை எடுத்தாலே எழுந்து போகிறவர். நாலு பேர் முன்னால் எழுந்து போனால் அதன் பிறகு என்னோடும் பேச மாட்டார். எனக்கு இங்கே இருப்பது அவர் ஒருவர்தானே.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. பயணிகளை அவர் விரட்டுகிற பக்கத்தில் அவர் குரலிலேயே கத்தினேன், கூடமே சிரித்தது. நான் இவ்வளவு கத்த மாட்டேன் என்று பக்கத்து அம்மாளிடம் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சுலேமா நான் சொன்னதை மறந்துவிட்டாள். நாற்பத்தொன்று சுவரில் வந்து நின்றது. எழுத்து இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவர் எதிரில் அதை அவர் குரலில் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் காலிப் பலூன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து அப்பா பேசினார்.

“நீங்க போகலாம்னு சொன்னேன்.”

உனக்குத் தெரியுமே, கோபம் தலைக்கேறினால் அவர் கத்த மாட்டார், நம்மை ‘நீங்க’ என்பார். சின்ன வயதில் அடியைவிட அந்த ‘நீங்க’வுக்குத்தான் நாம் நடுங்கினோம். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தபடியே மறுபடியும் பேசினார்.

“பெத்த பிள்ளையப் போயி நீங்கன்னேன்.”

எங்கிருந்து தைரியம் வந்ததோ, உன் பலூனைக் காட்டி, அதுக்கு அவன் என்னப்பா சொன்னான் என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும். நான்தான் ரேடியோவச் சத்தமா வெச்சிட்டேனே. உன் காதுல விழுந்திருக்கும்னுல்ல இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

என் காதிலும் விழவில்லை, தம்பி. நான் அடுப்படியில் இருந்தேன், கால்பந்து வர்ணனை வீட்டையே தூக்கிக்கொண்டு போனது. நீ எதையோ சொன்னதும் கதவு சாத்தியதும் மட்டும்தான் தெரியும். ‘இனி திரும்பி வரமாட்டேன்’ என்று ஒவ்வொரு பிரதியிலும் உன் பலூனில் எழுதிக் கொடுத்தது என் கற்பனை, உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதை அங்கேயே எல்லோர் எதிரிலும் ஒப்புக்கொண்டேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பா எழுந்து போகவில்லை. கடைசிப் பக்கம் வரை இருந்தார், எல்லோருக்கும் ரொட்டி கொடுத்தார், தன் மூக்கை அநியாயத்துக்குப் பெரிதாகப் போட்டிருக்கிறேன் என்று சுலேமாவிடம் புகார் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், உனக்கு அங்கே சாப்பாடு எப்படி, நெஞ்சுச் சளி போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆறு வருடக் கேள்விகளை எட்டுத் தெருவுக்குள் கேட்டு முடித்தார். மூன்று நாளாக எனக்கு உடம்பே லேசாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன், காரணமில்லாமல் சிரிக்கிறேன்.

நேற்று உனக்கென்று ஒரு பிரதியை அவரே எடுத்து வைத்தார். நான் பேனாவைத் தேடினேன். “அவன் பலூன்ல நீ கை வெக்காதே” என்று வாங்கிக்கொண்டார். அதைத்தான் இதோடு அனுப்புகிறேன். அவருடைய பலூனில் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்: ‘நீங்க போகலாம்.’ மாற்றி எழுதுங்களேன் என்று கேட்டதற்கு, சொன்னது சொன்னதுதானே என்றுவிட்டார். பிறகு, படக் கட்டத்துக்கு வெளியே, பக்கத்தின் ஓரத்தில், இன்னும் ஒரு வரி எழுதினார்: ‘நீ என்னடா சொன்னே?’

கடுமையான சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுதித் திருப்பி அனுப்பு. கேட்டுக்கொள்ளும் தெம்பு அவருக்கு இப்போது இருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி.

கையும் காலும் சுகமாக இரு.

உன் அக்கா,
மரிசெல்