சுவாமிமலையில் மங்கை பேசினாள்

12 பிப்ரவரி 2018

தஞ்சாவூர் போய் வந்தோம். மங்கையின் பேச்சுப் பயிற்சி முக்கால் மணி நேரம், அதற்குப் பஸ்ஸில் அரைநாள். இன்று அதிசயமாக இவரும் வந்தார். மங்கைக்கு நாலு வயது முடியப்போகிறது. ஒரு சொல் கிடையாது, கூப்பிட்டால் திரும்புவதும் கிடையாது. பெற்ற அப்பாவுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

தெரபிஸ்ட் ஜெக்கரியா சாரிடம் இவர் கேட்டாரே ஒரு கேள்வி! “எப்ப பேசுவா சார்? குறுவை அறுப்புக்குள்ள பேசிடுவாளா, இல்ல சம்பா ஆயிடுமா?”

விதை வாங்கப் போகிற கடையிலும் இப்படித்தான் கேட்பார். ஜெக்கரியா சார் சிரிக்கவில்லை. “தேதி சொல்ல முடியாதுங்க. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். தன் மனசுல இருக்கறத அடுத்தவங்களுக்குத் தெரியப்படுத்த அவளுக்கு ஒரு வழி வேணும். கையக் காட்டினாலும் சரி, சத்தம் போட்டாலும் சரி. அதுக்குத்தான் பயிற்சி. இங்க நான் செய்யறது கொஞ்சம். மிச்சமெல்லாம் வீட்ல நீங்கதான் செய்யணும்.”

திரும்பி வந்து திருக்காட்டுப்பள்ளியில் இறங்கும்போது இவர் சொன்னார்: “நம்மளே செய்யறதுக்கு அந்தாளு எதுக்கு?”

16 பிப்ரவரி

வீட்டுப்பாடம் இதுதான். தண்ணீர்த் தம்ளரை மங்கைக்கு எதிரில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாலோ கை நீட்டினாலோ உடனே கொடுத்துவிட வேண்டும். கேட்க வேண்டிய தேவை இருந்தால்தானே கேட்பாள்?

இந்த வீட்டில் யாருக்கு அந்தத் தேவை இருந்திருக்கிறது? ஆண்கள் கை அலம்பிவிட்டு உட்கார்ந்தால் இலையில் எல்லாம் இருக்க வேண்டும். மோர் வேண்டும் என்று ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் போச்சு, கேட்டு வாங்கிச் சாப்பிட வைத்தாள் என்று மருமகளுக்குக் கெட்ட பேர். மங்கைக்கும் அதே ராஜ உபசாரம்தான். என் ஓரகத்தி அம்சம் அக்கா, இவருடைய அண்ணன் பெண்டாட்டி, பிள்ளைக்குப் பசிப்பதற்கு முன்பே ஊட்டி வாயையும் துடைத்துவிடுவாள்.

நான் தம்ளரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அடிப்பாவி, பெத்த புள்ளைய ஒரு வாய் தண்ணிக்குக் கெஞ்ச வைக்கிறியே, நீ நல்லா இருப்பியா?” பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். மங்கை குடித்தாள். மறுபடியும் மின்விசிறியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சல்.

3 மார்ச்

தம்ளர். நான். அவள். ஒன்றுமில்லை.

10 ஏப்ரல்

மறியல். காவிரி வாரியம் கேட்டு மாவட்டம் முழுக்க நடக்கிறது. நாங்கள் போன பஸ்ஸையும் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தால் முன்வரிசையில் தோளில் பச்சைத் துண்டோடு நிற்பது என் வீட்டுக்காரர் துரைராசு! தொண்டை கிழிய, “தண்ணி எங்கள் உரிமை, கேட்டு வாங்காமல் விடமாட்டோம்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தில் மங்கை தன் கையையே கடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு இறங்கிப் போய், இந்த ஒரு பஸ்ஸை விடச் சொல்லுங்கள் என்றேன்.

“எம் பொண்டாட்டிக்கு மட்டும் விட்டா நாலு பேரு என்ன சொல்லுவான்? வீட்டுக்குப் போ தங்கமணி.”

திரும்பி வந்தோம். பயிற்சி போனது போனதுதான்.

சாயங்காலம் நான் தம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து நின்றார். “எம் பொண்ணு எதுக்குடி தண்ணிக்குக் கையேந்தணும்? குடுத்துத் தொலை.”

நாள் முழுக்க ரோட்டில் நின்று தண்ணீர் கேட்டுவிட்டு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான் எப்போதுதான் கேட்டிருக்கிறேன்.

28 ஏப்ரல்

இன்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்! பிடித்து, தம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். இழுக்கும்போது ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பாதித் தண்ணீர் அவள் சட்டையில் கொட்டிவிட்டது. அழுகை அழுகையாக வந்தது எனக்கு.

இவரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

“கையத்தான பிடிச்சா? பேசினாளா?”

6 மே

சுவாமிமலைக்குப் போய் மங்கைக்கு மொட்டை போடுவது என்று முடிவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை. “அப்பனுக்கே உபதேசம் பண்ணின சாமிடி. ஊமையா இருந்தாலும் பேச வச்சிடும்” என்கிறாள் அக்கா.

சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மங்கைக்குத் தலையைத் தொட்டாலே ஆகாது. சீப்பைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஜெக்கரியா சார் முதலில் தோள், அப்புறம் கழுத்து என்று துண்டால் தொட்டுத் தொட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னேன்.

“அஞ்சு நிமிஷ வேலை. நீ கைய மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்க” என்றார் இவர்.

சரி என்றேன்.

13 மே

எப்படி எழுதுவது இதை.

சுவாமிமலை. மொட்டை போடுகிற இடத்தில் அவளை மடியில் வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். தலையில் தண்ணீர் தெளித்ததுமே துள்ள ஆரம்பித்தாள். கத்தி பட்டதும் உடம்பு முழுக்க விறைத்தது. அப்போதுதான் —

“வேணாம்.”

தெளிவாக. யாரோ பெரிய மனுஷி சொன்ன மாதிரி. “வேணாம். வேணாம்.”

ஐயோ, என்ன ஆர்ப்பாட்டம்! “பேசிட்டா! எம் பொண்ணு பேசிட்டா!” என்று இவர் குழந்தை மாதிரி அழுதார். அக்கா அரோகரா போட்டாள். பக்கத்தில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அழுதேன், சிரித்தேன், அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். எத்தனை நாள் ஏக்கம்!

மொட்டை முழுவதும் போட்டு முடித்தார்கள். கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கையை நான் விடவில்லை.

15 மே

ஜெக்கரியா சாருக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். “வேணாம்னு சொன்னாளா? ரொம்ப நல்லதும்மா” என்றார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“சொன்னதும் நிறுத்திட்டீங்கல்ல?”

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸாவது ஒன்றாவது.

2 ஜூன்

அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நான் பிடித்துவிடுவேன் என்று பயம். என்னைப் பார்த்து!

தஞ்சாவூர் போவதையும் இவர் நிறுத்திவிட்டார். “அதான் சாமி பேச வச்சிருச்சே, இன்னும் எதுக்கு அலைச்சல்?” பேசவில்லையே என்றால், தொடங்கிவைத்த சாமி முடித்துவைக்கும் என்கிறார். நானும் இரண்டு வாரமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் முதலில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

24 ஜூலை

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மறியலுக்கும் வராதது, மேலே மழை கொட்டி அணை தாங்காமல் திறந்துவிட்டதும் கரை புரண்டு வருகிறது. ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது.

தண்ணீர் பார்க்க ஒரத்தநாட்டிலிருந்து இவருடைய சிநேகிதர் வீரையன் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் இவர் மங்கையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். “சுவாமிமலையில பேசினேல்ல, மாமாகிட்ட சொல்லிக் காட்டு. வேணாம் சொல்லு.”

மங்கை சுவரைப் பார்த்தாள்.

“இருங்க, இப்ப சொல்லுவா பாருங்க” என்று சீப்பை எடுத்து அவள் தலைக்குக் கொண்டுபோனார். எல்லோரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது.

“வேணாம்! விடுங்க!”

கத்தியது நான்தான். சீப்பைப் பிடுங்கிவிட்டேன். வந்தவர்கள் முன்னால், இவர் கையிலிருந்து. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தச் சொல்லை நானும் சொன்னதில்லை.

“பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? அவ சொல்ல வந்தா, நீ கெடுத்துட்ட” என்றார் இவர்.

போகட்டும்.

26 ஜூலை

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. காலை பஸ்ஸில் மங்கையைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய்விட்டு வந்தேன். நிறுத்தவில்லை என்று ஜெக்கரியா சாரிடம் சொன்னேன். “சொன்னா நடக்கும்னு அவளுக்கு மறுபடி நம்பிக்கை வரணும். எத்தனை மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார்.

கேட்டேனா நான்?

19 ஆகஸ்ட்

மங்கைக்கு முடி விரற்கடை வளர்ந்திருக்கிறது. குளிப்பாட்டுவதற்கு முன் எண்ணெய் தொட்டுக்கொண்டு தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். பின்னால் நகர்ந்தாள். கையை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

“வேணாம்.”

சன்னமாகத்தான். அடுப்படியில் இருந்த அம்சம் அக்காவுக்குக் கேட்டிருக்காது. இவர் வாசலில் யாரோடோ வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த எண்ணெயை என் தலையில் தடவிக்கொண்டேன். யாரையும் கூப்பிடவில்லை.