வலிக்காத கட்டி

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்
18 நவம்பர் 1934

என் அருமை மகள் ஞானசவுந்தரிக்கு உன் அம்மா சவுரியம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் இங்கே சுகமாய் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். மூன்று மாதமாய் அம்மா கையெழுத்தையே காணோம், அப்பாவின் கார்டுதான் வருகிறது, அதிலும் அம்மா சுகம் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை என்று கோபித்து எழுதியிருந்தாய். கோபம் நியாயம்தான். பாவம் அவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், அதை எழுதவே காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். இப்போது எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது, அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். படிக்கும்போதே அழ ஆரம்பிக்காதே, இது சந்தோஷக் கடிதம்.

எதிர்வீட்டு எல்லம்மாவை உனக்குத் தெரியுமே, அவள் புருஷனும் உங்கப்பாவும் கலீமுல்லா சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஒன்றாய் வேலை செய்கிறவர்கள். ஜூலை மாதம் அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி கண்டது. தீட்டு வரும் நாளுக்கு முன்னால் ஊசி குத்துகிற மாதிரி வலி, மாமியார் பற்றுப்போட்டுப் பார்த்தும் அடங்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகப்போகிறேன் அக்கா என்று என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுவாள். வேலூரில் பொம்பளைகளுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டரும் பொம்பளைதான், வா நான் கூட வருகிறேன் என்று காட்பாடிக்கு ரயிலேற்றி, அங்கிருந்து ஜட்கா வைத்து அழைத்துப் போனேன். டாக்டரம்மா நம் பக்கத்துப் பெண்தான், சின்ன வயசு. விரல் நுனியால் தடவிப் பார்த்தார், கட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு ஊசியைப் போட்டு இழுத்தார், பாசி நிறத்தில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான், கட்டியே இல்லை. இது வெறும் நீர்க்கட்டி, பயமே வேண்டாம் என்றார். எல்லம்மா எழுந்து உட்கார்ந்து, இன்னாக்கா இம்மாந்தானா, இதுக்கா ஒரு மாசமா அழுதேன் என்று சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாக்கில், எனக்குந்தான் வலது பக்கம் எலுமிச்சங்காய் அளவு ஒன்று இருக்கிறது, ஈஸ்டரிலிருந்து கிடக்கிறது, வலியே இல்லை, அதனால் நான் அதைச் சட்டை செய்யவில்லை என்றேன். டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, நீங்க இப்படி உட்காருங்கம்மா என்றார்.

துணைக்குப் போனவள் பரீட்சைக்கு உட்கார்ந்தேன் பார். தோல் உள்வாங்கியிருக்கிறதா, மார்க்கூட்டோடு ஒட்டியிருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை, தொட்டால் மெத்தென்று இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது, வலிக்கிறதெல்லாம் புற்று இல்லை, வலிக்காததெல்லாம் சாதுவும் இல்லை, உங்க வயசுல கையை மட்டும் நம்பி விடமாட்டேன், கொஞ்சம் வெட்டியெடுத்துப் பெரிசாக்கிக் காட்டுற கண்ணாடியில பார்க்கணும் என்பது. பார்த்தார்கள், புற்றுதான். உங்கப்பா டாக்டரம்மாவைத் தனியாய் அழைத்து, எதுவானாலும் எங்கிட்ட சொல்லுங்க, அவகிட்ட வாணாம் என்று கையைக் கூப்பினாராம். உடம்பு அவங்களோடது ஐயா, அவங்க கேட்டா மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண். நான் கேட்டேன், சொன்னார். உன்னை நினைத்தேன், உன் பிள்ளைக்கு இன்னும் ஒரு சட்டைகூட நான் தைத்துப் போடவில்லையே என்று நினைத்தேன். பிறகு, வெட்டுகிறதை வெட்டுங்கள் என்றேன். மயக்க மருந்து நாற்றம்தான் பேஜார், மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. வலது மார்பை முழுக்க எடுத்துவிட்டார்கள், அக்குளையும் சுத்தம் செய்தார்கள்.

எடுத்ததையெல்லாம் பரிசோதித்துச் சொல்லப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் உங்கப்பா ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே ஜெபமாலையும் கையுமாய்க் கிடந்தார். பதினோராம் நாள் டாக்டரம்மா வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு விவரமாய்ச் சொன்னார். புத்துன்னா எல்லாம் ஒண்ணு இல்லைம்மா, ஒரு வகை கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், மேல்தோலை உள்ளே இழுத்துக்கும், சீக்கிரமே அக்குளுக்கு ஓடிடும். இன்னொரு வகையில மாரே செவந்து வீங்கிக் கொதிக்கும், அதுதான் ரொம்பப் பொல்லாதது. உங்களுது கூழ் மாதிரி, வயசானவங்களுக்கு வர்றது, மெதுவா வளரும், இருந்த இடத்துலயே ரொம்ப நாள் கிடக்கும், கெட்டதுலயே இது சாது. அக்குள்ல ஒரு சொட்டுகூடப் போகலை என்றார். அந்தப் பெரிசாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி தெரிந்தது, நடுநடுவே ஊதாவாய்ச் சின்னச் சின்னக் கூட்டம். நல்ல சதையின் ஜாடை அதில் இன்னும் இருந்தால் மெதுவாய்ப் போகுமாம், ஜாடையே தெரியாமல் கலைந்து கிடந்தால் வேகம் ஜாஸ்தியாம். எனக்கு ஜாடை இருக்கிறதாம். ஐந்து வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், மற்றபடி வீட்டுக்குப் போகலாம் என்றார். உங்கப்பா வார்டு என்றும் பாராமல் நர்சுகள் எதிரிலேயே ஓவென்று அழுதார், கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் பார்த்த முதல் அழுகை, பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது.

கை தூக்க வராது என்று பயந்தேன். தினம் சுவரில் விரலை ஏணி மாதிரி ஏற்றச் சொன்னார்கள். உங்கப்பா கரித்துண்டால் கோடு போட்டு, நேத்தைக்கு மேல ரெண்டு விரக்கடை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேஸ்திரி மாதிரி விரட்டுவார். போன வாரம் நானே தலை பின்னிக்கொண்டேன், மெஷின் பிடியையும் இந்தக் கையால்தான் சுற்றுகிறேன். ரவிக்கையில் வலது பக்கம் பஞ்சு வைத்து ஒரு உறை தைத்துக்கொண்டேன், பூசைக்குப் போனால் யாருக்கும் தெரியவில்லை. இதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு நாலு உறை தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

எல்லம்மா சும்மா இருப்பாளா, தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். முந்தாநாள் எங்கள் இருவரோடு இன்னும் ஒன்பது பேர் புளிசோறு கட்டிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினோம், ரயிலில் ஒரே கும்மாளம், இன்னா, கல்யாண கோஷ்டியா என்று டிக்கெட் கேட்க வந்தவரே கேட்டார். எட்டுப் பேருக்கு ஒன்றும் இல்லை. கோடித்தெரு பட்டம்மாளுக்குக் கொட்டைப்பாக்கு அளவு கெட்டியாய் ஒன்று இருக்கிறது, கெட்டிதான் என்றாலும் சின்னதாய் இருக்கும்போதே வந்துட்டீங்க, அது பெரிய விஷயம் என்று டாக்டரம்மா சொன்னார். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன், நான்தான் கூட இருக்கப்போகிறேன். அக்கா நீ இருந்தா போதும், எனக்குப் பயமில்லை என்றாள். எனக்கு அதைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுகிறது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல்லு, பேத்தி நெற்றியில் சிலுவை போட்டு எனக்காக ஒரு முத்தம் கொடு, மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கடைசியாய் ஒன்று, மறக்காதே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போ, விரல்களைச் சேர்த்து இரண்டு பக்கமும் அக்குள்வரை மெதுவாய்த் தடவிப் பார். வெட்கப்படாதே, வலி இல்லையே என்று விட்டுவிடாதே. பார்த்தேன் அம்மா என்று உன் கையால் ஒரு வரி எழுது, தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா
ரா. சவுரியம்மாள்