கம்பி இன்னும் கழலவில்லை

மகளைப் பெற்றவளுக்கு,

இங்கு இருவரும் நலம். நீயும், நீ சம்பளத்துக்கு வளர்க்கும் அந்த வீட்டுக் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். நீ அனுப்பிய படத்தில் அதன் வாயில் ரப்பர் சூப்பான் இருந்தது. சீக்கிரம் நிறுத்தச் சொல். அடுத்தவர் பிள்ளைக்காவது பல் ஒழுங்காக முளைக்கட்டும்.

போனில் மகள் ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்டிருந்தாய். மேலண்ணத்தில் கம்பி மாட்டியிருக்கிறது. விரல் உள்ளே போகாதபடி முன்பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன வேலி. கடைவாய்ப் பற்களில் வளையம் போட்டு ஒட்டியது, அவளால் கழற்ற முடியாது. நானே செய்தது. பதினாறு வருடமாகப் பல் டாக்டருக்குப் பல்செட் செய்து கொடுக்கிறேன், இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. நாக்கு கம்பியில் இடறிப் பேச்சு குழறுகிறது. வகுப்பில் சிரிக்கிறார்களாம்.

மூன்று வயதில் விட்ட பழக்கம். நீ புறப்பட்ட வாரமே மறுபடி விரல் சூப்ப ஆரம்பித்தாள். இரண்டு வருடத்தில் முன்பற்கள் தூக்கிக்கொண்டன. ஆப்பிளை நேராகக் கடிக்க வராது. அவள் பல்லின் பிளாஸ்டர் அச்சை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் பொருத்திப் பார், நடுவில் ஓர் ஓட்டை தெரியும். உன் விரல் அதில் நுழையாது. அது அவள் விரலின் அளவு.

நீ அனுப்பிய டிக்கெட் பத்திரமாக இருக்கிறது. 'லீவுக்கு அனுப்பு, அப்படியே இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பி இருக்கும்வரை மாதாமாதம் டாக்டர் பார்க்க வேண்டும், அனுப்ப முடியாது என்று முந்தைய கடிதத்திலேயே சொல்லிவிட்டேன்.

மாட்டிய அன்று ஓயாமல் அழுதாள். கம்பி கழன்றதும் அம்மாவிடம் போகலாம் என்று சொல்லிவைத்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றே வாரம், விரல் வாய்ப்பக்கம் போவது நின்றது. தூங்கும்போதுகூடக் கையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். தினமும் காலையில் பல் துலக்கியதும் என் முன்னால் வாயைத் திறந்து நிற்பாள். 'பாருங்கப்பா, போதுமா?' என்பாள். நான் டார்ச் அடித்துப் பார்த்து, 'இன்னும் கொஞ்ச நாள்மா' என்பேன். தலையாட்டிவிட்டுப் போவாள். ஒரு சண்டையாவது போடலாம், அதுவும் இல்லை.

'சரியாயிடுச்சுப்பா, கூட்டிட்டு வா, கழட்டிடலாம்' என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. காய்ச்சல் என்றேன். பரீட்சை என்றேன். போன வாரம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இப்போது அவர் கேட்பதில்லை, வேலையைத் தவிர வேறு பேச்சும் வைத்துக்கொள்வதில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்கிறேன். நீ பெட்டி கட்டியபோது இந்த வீட்டில் நான் ஒருவன் இருப்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளும் போய்விட்டால் நான் பல்செட்டுகளோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் அதைவிட அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'அம்மா' என்று சொல்ல நாக்கு வேண்டாம், உதடு போதும். கம்பியோடும் அது தெளிவாகவே வருகிறது, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். போனில் பேசினால் கம்பி கழல நாளாகும் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் வாயை மூடிக்கொண்டு நிற்பது உன்னிடம் வருவதற்காகத்தான்.

கழற்ற அரைமணி நேரம்கூட ஆகாது. நீ வந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொள், அன்றே கழற்றச் சொல்கிறேன். வருவதற்கு மட்டும் டிக்கெட் எடு, திரும்புவதற்கு வேண்டாம்.

நல்லபடியாக இரு. நாளைக் காலையும் அவள் வந்து வாயைத் திறந்து நிற்பாள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா